சுகந்திமேல் நான் எழுதிய கடிதம்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் தங்கைமார்க்கும் தம்பிமார்க்கும்,

இப்படியொன்றை எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்து, ஓய்வு பெற்றவர்களாக இருப்பார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. இரண்டாவது பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவள். எட்டு வருடம் இந்தத் தொண்டு நிறுவனத்தில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தவள் என்பதால், புதியவர்களுக்கு என் அனுபவத்தில் சில வார்த்தைகள் எழுதித் தரும்படி அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்கு மறுக்கத் தெரியாது. ஓம் என்று சொல்லிவிட்டு மூன்று கிழமை எழுதாமல் இருந்தேன். எழுதியதையும் இரண்டு தரம் கிழித்தேன். முதல் தரம் எல்லாரையும் புகழ்ந்திருந்தேன். இரண்டாம் தரம் என்னை மட்டும் திட்டியிருந்தேன். இது மூன்றாவது. இதையும் அனுப்புவதா வேண்டாமா என்று இந்த வரியை எழுதும்போதுகூட எனக்குத் தெரியவில்லை.

படிவம் நிரப்புவது, கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது, அறிக்கையை எந்தத் திகதிக்குள் அனுப்புவது எல்லாம் உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது கூட்ட அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் பட்டியலைப் பற்றி. முதல் நாளே பார்த்திருப்பீர்கள். இடது பக்கம் சொல்லக்கூடாத சொற்கள், வலது பக்கம் பதிலுக்குச் சொல்ல வேண்டியவை. தமிழரைத் தமிழாக்கள் என்றோ முஸ்லிம்களைச் சோனாக்கள் என்றோ சொல்லக்கூடாது, சகோதர இனத்தவர் என்று சொல்ல வேண்டும். விதவை, புருசன் விட்டுட்டுப் போனவள் என்று சொல்லக்கூடாது, பெண் தலைமை தாங்கும் குடும்பம் என்று சொல்ல வேண்டும். சண்டைக்குக் கருத்து முரண்பாடு. கீழே சிவப்பு எழுத்தில், சமயம், இனம் பற்றிய பேச்சைக் கூட்டங்களில் முற்றாகத் தவிர்க்கவும் என்று இருக்கும்.

அந்தப் பட்டியலை அடி பிசகாமல் மனப்பாடம் செய்தவள் நான். பள்ளிக்கூடத்தில் கொப்பியின் கடைசிப் பக்கத்துக்கும் ஓரக்கோடு போட்ட பிள்ளை என்று உம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் பட்டியலை நான் விரும்பியதற்கு வேறொரு காரணமும் உண்டு. சாய்ந்தமருதில் படித்துக்கொண்டிருந்த வயதில், பஸ்ஸில் ஒருவர் என் பர்தாவைப் பார்த்து இடது பக்கத்துச் சொல் ஒன்றைச் சொன்னார். சொன்ன விதம்தான் இப்போதும் காதில் நிற்கிறது. நான் இறங்க வேண்டிய இடத்துக்கு மூன்று தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி வெயிலில் நடந்து வீட்டுக்குப் போனேன். உம்மாவிடம் சொல்லவில்லை. ஆகவே பட்டியலை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒன்றுமில்லாததிலிருந்து பிறந்ததல்ல. அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

சுகந்தி எனக்கு இரண்டு வருடம் பின்னால் வேலைக்கு வந்தவள். வயதிலும் இளையவள். தம்பிலுவிலில் மீன்பிடிக் குடும்பம். தினமும் கல்முனைக்குப் பஸ்ஸில் வருவாள். முதல் நாள் சுவருக்கு முன்னால் நின்று பட்டியலை முழுக்க வாசித்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"ராத்தா, இடப்பக்கம் இரிக்கிற சொல்ல எல்லாம் எடுத்திட்டா நம்மட சனம் என்னத்தக் கதைக்கிற?"

"வலப்பக்கம் இரிக்கிறதக் கதைக்கிற" என்றேன்.

"அது கதைக்கிற இல்ல ராத்தா. ரேடியோவுல செய்தி வாசிக்கிற."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்த உத்தியோகத்தரிடம் முதல் நாளே பகிடி விடுகிறாளே என்றுதான் நினைத்தேன். அவள் என்னை மூத்த சகோதரிபோல ராத்தா என்று கூப்பிட்டதைக்கூட, பெயரோடு திருமதி சேர்த்துச் சொல்வதுதான் அலுவலக முறை என்று திருத்தினேன். அவள் திருந்தவில்லை.

அடுத்த மாதம் கடற்கரையோரம் வீடு வீடாகப் போய் உதவி தேவையான குடும்பங்களைப் பதிந்தோம். ஜெஸீமா இடியப்பம் அவித்து விற்பவள். என் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி இருப்பவள். படிவத்தில் இருந்தபடியே அவளிடம் கேட்டேன்: "உங்களுடையது பெண் தலைமை தாங்கும் குடும்பமா?"

ஜெஸீமா என் முகத்தையும் பேனாவையும் பார்த்தாள். "இல்ல மிஸ். என்ட காக்கா இரிக்காரே. தலைமை அவர்தான்."

தமையன் இருக்கிறார், சரி. 'இல்லை' என்று அடையாளம் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். மறு கிழமை சுகந்தி அதே வீட்டுக்கு இடியப்பம் வாங்கப் போயிருக்கிறாள். போன இடத்தில் கேட்டிருக்கிறாள்.

"மனுசன் எங்ககா? இரிக்காரா, செத்துட்டாரா, விட்டுட்டுப் போயிட்டாரா?"

ஜெஸீமா அடுப்படியிலேயே இருந்து அழுதாளாம். புருசன் போய் இரண்டு வருடம். வேறு ஊரில் வேறு பெண்ணோடு இருக்கிறார். காக்கா வெள்ளிக்கிழமைகளில் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவதோடு சரி. மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளையைத் தூளியில் கட்டிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகிறாள்.

சுகந்தி என் மேசைக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்: "அந்தப் படிவத்த மாத்தி எழுதுங்க ராத்தா. அவ பொய் சொல்லல்ல. நீங்க கேட்டது அவக்கு விளங்கல்ல."

மாற்றி எழுதினேன். அவளுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் அன்று நினைத்தது வேறு. ஜெஸீமாவின் ஊர் என் ஊர். அவள் போகிற கல்யாண வீடுகளுக்குத்தான் நானும் போகிறேன். அவள் அழுவதென்றால் என்னிடம்தானே அழுதிருக்க வேண்டும்? எனக்கு மிஸ், அவளுக்கு "வாகா சுகந்தி". இரவுச் சாப்பாட்டை அளைந்துகொண்டிருந்தபோது என் கணவர் கேட்டார், அலுவலகத்தில் யாரும் ஏதும் சொன்னார்களா என்று. இல்லை என்றேன். உண்மையும் அதுதான். என்னிடம் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

தங்கைமாரே, மென்மையான சொல்லைப் பிடித்துக்கொண்டு கேட்கப் போனால், வலிக்கிற இடத்தைத் தொடாமலே திரும்பி வந்துவிடலாம். நமக்கு வசதிதான். அந்த வலி அவளிடமே இருந்துவிடும். இதை நான் அன்றே கற்றிருக்க வேண்டும். கற்கவில்லை.

அதன் பிறகுதான் பகல் பராமரிப்பு நிலையம் வந்தது. தமிழ்ப் பகுதிக்கும் முஸ்லிம் பகுதிக்கும் நடுவில் உள்ள வீதியில் ஒரு கட்டடம் கிடைத்தது. வேலைக்குப் போகும் தாய்மார் இரு பக்கத்திலிருந்தும் தங்கள் சின்னப் பிள்ளைகளைக் கொண்டு வந்து விடலாம். ஒரேயொரு நிபந்தனை. இரு பக்கத்துத் தாய்மாரும் ஒரே குழுவாக இருந்து, நிலையத்தை எப்படி நடத்துவது என்று எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அடுத்த வருடத் தை மாத முடிவுக்குள் அது நடக்காவிட்டால் கட்டடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இது எனக்கு அலுவலக வேலை மட்டுமல்ல. என் மகள் மின்ஹாவுக்கு அப்போது மூன்று வயது. உம்மாவுக்கு முழங்கால் ஏலாது. ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் ஓட அவரால் முடியாது. மின்ஹா ஒருநாள் படலையைத் திறந்து பிரதான வீதி வரைக்கும் போய்விட்டாள். உம்மா நிலத்தில் இருந்து கத்தியதைக் கேட்டு அயலவர் ஓடிப் பிடித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து வேலையில் இருக்கும்போது தொலைபேசி அடித்தாலே என் கை குளிரும். அந்த நிலையம் திறக்க வேண்டும் என்று யாராவது துஆ கேட்டார்கள் என்றால் அது நான்தான்.

குழுவை நடத்தும் பொறுப்பு சுகந்திக்குப் போனது. கூட்டக் குறிப்பு எழுதுவது எனக்கு. அந்தக் கூட்டங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஜெஸீமா வாசலைப் பார்த்துக்கொண்டே தொடங்குவாள்.

"இந்தத் தமிழாக்கள் ஒருநாளாவது நேரத்துக்கு வந்திரிக்காகளா?"

கருவாடு காயப்போட்டு விற்கும் பரமேசு அக்கா செருப்பைக் கழற்றிக்கொண்டே பதில் சொல்வார். "சோனாக்கள்ற ஒழுங்கைக்குள்ளால வாற எண்டா லேசா? வீட்டுக்கு மூணு ஓட்டோ. நடக்க இடமிரிக்கா?"

"ஓட்டோ இல்லாட்டி உங்கட கருவாட்ட ஆருகா ஏத்துற?" இது சுகந்தி. எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்த கையோடு பிள்ளைகளின் சாப்பாட்டு நேரம், கழிப்பறைத் தண்ணீர் எல்லாம் பேசி முடித்துவிடுவார்கள். நான் மூலையில் இருந்து குறிப்பு எழுதுவேன்: 'இரு தரப்பினரும் நேர முகாமைத்துவம் பற்றிக் கருத்துப் பரிமாறினர்.'

அந்த வருடம் பொங்கலுக்கு முதல் கிழமை சுகந்தி பரமேசு அக்காவிடம் சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. "அக்கா, படைக்க முதல் இவங்களுக்கு ஒரு சட்டியில வேறயா எடுத்து வைங்க. படைச்சத இவங்க தின்னமாட்டாங்க." பரமேசு அக்கா, "எனக்குத் தெரியாதா? என்ட அம்மையும் அப்பிடித்தான் எடுத்து வைக்கிற" என்றார். அந்த வரியை நான் குறிப்பில் எழுதவில்லை. கீழே சிவப்பு எழுத்தில் இருப்பதை மீறிய பேச்சல்லவா அது.

மின்ஹாவைச் சில நாள் கூட்டத்துக்குக் கூட்டிப் போவேன். ஒருநாள் அவள் படியில் தடுக்கி விழுந்து முழங்கால் உரசிவிட்டது. நான் குறிப்புக் கொப்பியைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைத் தாண்டி ஓடிப்போய் சுகந்தியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சுகந்தி அவள் முழங்காலில் ஊதிவிட்டு, "சோனாக் குட்டிக்கு நொந்து போச்சா?" என்று கேட்டாள். பிள்ளை அழுகைக்கு நடுவில் சிரித்தது.

அறையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

கடிதத்தை மறுநாள் பகல் இடைவேளையில் எழுதினேன். என் பெயர் போடவில்லை. 'சகோதர இனத்தைச் சேர்ந்த உத்தியோகத்தர் ஒருவர், கூட்டங்களிலும் சிறு பிள்ளைகள் முன்னிலையிலும், உணர்வுகளைப் புண்படுத்தக்கூடிய சொற்களைத் தொடர்ச்சியாகப் பிரயோகித்து வருகின்றார்' என்று தொடங்கினேன். எந்தெந்தக் கூட்டத்தில் எந்தெந்தச் சொல் என்று கீழே எழுதினேன். குறிப்பு எழுதுபவள் ஆயிற்றே, எல்லாம் என்னிடம் இருந்தது. அதில் ஒரு பொய்கூட இல்லை.

உங்களிடம் நான் மறைக்காமல் சொல்ல விரும்புவது இதைத்தான். சரியான சொற்களின் பட்டியலால் மற்றவர்களுக்கு என்ன பயன் கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. என் பொறாமைக்கு அது நன்றாகப் பயன்பட்டது. பொறாமைக்குத் தனியாக நின்று பேச வெட்கமாக இருக்கும். 'என் பிள்ளை அவளிடம் ஓடுகிறது, எனக்குப் பொறுக்கவில்லை' என்று எந்த மேலதிகாரியிடம் போய்ச் சொல்வது? பட்டியல் அதற்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டதும் நான் பொறாமைக்காரி இல்லை, இன நல்லுறவில் அக்கறை உள்ள உத்தியோகத்தர்.

மேலதிகாரிகள் பயந்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அப்படியொரு கடிதத்தைக் குப்பையில் போட்டவர் என்று பெயர் எடுக்க யாருக்கும் விருப்பமில்லை. சுகந்தியைக் கூப்பிட்டுக் கடிதத்தை வாசித்துக் காட்டினார்கள். இந்தச் சொற்களைச் சொன்னாயா என்று கேட்டார்கள். சொன்னேன் என்றாள். வருட முடிவில் அவளுடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. குழுவில் இருந்த பெண்களில் ஒருவரையாவது கூப்பிட்டு, உங்களுக்குப் புண்பட்டதா என்று கேட்கவில்லை. யாருடைய உணர்வுக்காக அவளை அனுப்பினார்களோ, அவர்களைத் தவிர எல்லாருக்கும் விசாரணை தெரிந்திருந்தது.

கடைசி நாள் என் மேசைக்கு வந்து ஒரு பை கச்சான் கடலை வைத்துவிட்டுப் போனாள். "மின்ஹாக்குக் குடுங்க ராத்தா." அவ்வளவுதான். அதை நான் வீட்டுக்குக் கொண்டு போகவில்லை.

குழு என் கைக்கு வந்தது. நான் பட்டியலின்படி நடத்தினேன். எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள். ஒருவரும் பகிடி விடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்கள். ஜெஸீமாவும் பரமேசு அக்காவும் பக்கத்தில் இருந்தும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தார்கள். 'கூட்டம் சுமுகமாக நடைபெற்றது' என்று எழுதினேன். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டுக்கூட வந்தது.

பிறகு அடுத்த தைப் பொங்கல் வந்தது. பொங்கலுக்கு மறுநாள் கூட்டம். பரமேசு அக்கா ஒரு பெரிய தட்டில் சர்க்கரைப் பொங்கல் கொண்டு வந்தார். மேலே ஒரு சிவப்புப் பூவிதழ் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியது, படைத்தது என்று. ஜெஸீமாவுக்கும் விளங்கியது. அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? படைத்ததா என்று கேட்டால் சமயப் பேச்சு. நாங்கள் தின்னமாட்டோம் என்று சொன்னால் புண்படுத்தும் பேச்சு. நான் குனிந்து கொப்பியில் திகதி எழுதினேன். முஸ்லிம் தாய்மார் எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கி, சிரித்த முகத்தோடு மடியில் வைத்துக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் பரமேசு அக்கா தட்டுக் கழுவப் பின்பக்கம் போனார், நானும் பின்னால் போனேன். எச்சில் வாளியில் பொங்கல் கிடந்தது. அவ்வளவு பொங்கலும்.

அவர் வாளியைப் பார்த்தார். பிறகு வெற்றுத் தட்டைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு போனார். நான் அறிக்கையில், 'சிற்றுண்டி பகிர்ந்துகொள்ளப்பட்டது' என்று எழுதினேன்.

அடுத்த கூட்டத்துக்குத் தமிழ்த் தாய்மார் ஒருவரும் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கு முஸ்லிம் தாய்மாரும் வரவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். "பிள்ளைக்குக் காய்ச்சல் மிஸ்." "நேரமில்ல மிஸ்." "இன்ஷா அல்லாஹ், பாப்பம் மிஸ்." எல்லாமே வலது பக்கத்துப் பதில்கள். நான் பழக்கியதை எனக்கே திருப்பித் தந்தார்கள். மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது உம்மா மின்ஹாவின் கையைத் தன் கையோடு ஒரு துப்பட்டியால் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். ஓடிவிடக்கூடாதென்று.

மறுநாள் சனிக்கிழமை. மின்ஹாவைத் தூக்கிக்கொண்டு தம்பிலுவிலுக்குப் பஸ் ஏறினேன். போகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்று வரி வரியாக யோசித்தேன். சுகந்தி வீட்டு முற்றத்தில் வலையில் சிக்கிய பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டு எழும்பவில்லை. மின்ஹாதான் கையை உதறிக்கொண்டு ஓடினாள். அன்றைக்கும் எனக்கு நெஞ்சுக்குள் அதே முள் குத்தியது. உதவி கேட்டுப் போன இடத்திலும்.

பொங்கல் கதையைச் சொன்னேன். கடிதத்தைச் சொல்லவில்லை. அவள் கேட்டு முடித்துவிட்டு, "நீங்க அந்த நேரம் என்ன செஞ்ச ராத்தா?" என்றாள்.

"திகதி எழுதினன்."

அவள் ஒரு பிடி பாசியைப் பிய்த்து எறிந்தாள். பிறகு, "திங்கக்கிழமை வாறன். ஒபிஸ் ஆளா இல்ல. சும்மா வாறன்" என்றாள்.

எனக்கு அது பெரிய சோதனை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒருவரைக் கூட்டத்துக்குள் விட எனக்கு அதிகாரமில்லை. கேட்டால் மாட்டோம் என்பார்கள். கேட்காமல் விட்டால் என் வேலைக்கு ஆபத்து. ஞாயிறு முழுக்க யோசித்தேன். கேட்கவில்லை. எட்டு வருடத்தில் நான் கேட்காமல் செய்த ஒரேயொரு காரியம் அது.

சுகந்தி வருகிறாள் என்று தெரிந்ததும் எல்லாரும் வந்துவிட்டார்கள். காய்ச்சல்காரப் பிள்ளைகளும் வந்தன. அவள் உள்ளே வந்து, இருக்காமல் நின்றபடி சுவரைக் காட்டினாள். "ராத்தா, அதக் கழட்டி வைங்க. அது நம்மளயே பாத்துக்கொண்டிரிக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கதிரையில் ஏறிப் பட்டியலைக் கழற்றினேன். எங்கே வைப்பது என்று தெரியாமல் மேசையில் கவிழ்த்து வைத்தேன். யாரோ அதன்மேல் தேத்தண்ணித் தட்டை வைத்தார்கள்.

"பொங்கல ஆரு வாளிக்குள்ள போட்ட?" சுகந்தி கேட்டாள்.

ஜெஸீமா, "நான்தான் முதல்ல போட்ட. மறுகா எல்லாரும் போட்டாங்க" என்றாள்.

"ஏன்?"

"படைச்சதுகா அது. எங்களுக்குத் தின்னேலாது. சொன்னா பரமேசு அக்கா மனவருத்தப்படுவா எண்டு சொல்லல்ல."

பரமேசு அக்கா எழும்பிவிட்டார். "தின்னேலாட்டி என்னட்டத் திருப்பித் தா! நான் கோவிச்சிரிப்பனா? சாமிக்கு வச்சத எச்சில் வாளிக்குள்ள போட்டிட்டியே, பாவி. அத உன்ட வாயால கேட்டிரிந்தா இவ்வளவு நாள் நித்திர கொண்டிரிப்பன்."

"நீங்க ஏன் வேறயா எடுத்து வைக்கல்ல? வழமையா வைப்பீங்கதானே!"

"ஆரு கேட்ட? போன வருசம் இவள் கேட்டாள். இந்த வருசம் நீங்க எல்லாரும் நல்ல புள்ளையளாப் போயிட்டீங்க, கதைக்காம. எங்கட சாமானே வேணாமாக்கும் எண்டு நினைச்சன். சோதிச்சுத்தான் பாத்தன்."

ஜெஸீமா அழத் தொடங்கினாள். பரமேசு அக்காவும் அழுதார். அழுதுகொண்டே சண்டை பிடித்தார்கள். கருத்து முரண்பாடு அல்ல, சண்டைதான். இவ்வளவு நாளும் அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்தது.

"எங்கட புள்ளையளுக்கு நீங்க திருநீறு பூசிருவீங்க எண்டு வீட்டுல பயப்புடுறாங்க."

"உன்ட புள்ளைக்குப் பூச எங்களுக்கு என்ன விசரா? நாங்களும்தான் பயம். எங்கட புள்ளைக்கு முக்காடு போட்டிருவீங்க எண்டு என்ட மாமி சொல்றா."

"மூணு வயசுல ஆருக்குகா முக்காடு? அதுகள் உடுப்பையே உடம்புல வச்சிரிக்குதுகள் இல்ல!"

"நீ போன மாசம் என்ட பேரனத் தூக்கிட்டு மூக்கச் சுளிச்சாய். கருவாட்டு மணம் எண்டு."

"ஓம், சுளிச்சன். மணந்திச்சி."

"கருவாடு வாங்கக்குள்ள மட்டும் மணக்கிறதில்லியா?"

முதலில் சிரித்தது ஜெஸீமாதான். மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்தாள். அதன் பிறகு அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. படைத்த சாப்பாடு நிலையத்துக்குள் வராது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் படைக்க முன் எடுத்து வைத்தது வரும். மாட்டிறைச்சி வராது. பெருநாளைக்குக் கோழி வரும். "கோழி எண்டா எனக்கும் ஒரு துண்டு" என்றார் பரமேசு அக்கா. பிள்ளைகளின் நெற்றியிலும் தலையிலும் வீட்டில் போட்டுவிட்டது இருக்கலாம், இங்கே யாரும் போடுவதில்லை. நான் அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைத்தார்கள். யார் நிலையத்துக்குப் பொறுப்பு என்ற இடம் வெறுமையாக இருந்தது. ஜெஸீமா யாரையும் கேட்காமல், "சுகந்தி எண்டு போடுங்க மிஸ்" என்றாள்.

போட்டேன்.

பின்னேரம் அவளைப் பஸ் தரிப்பிடத்துக்குக் கூட்டிப் போனேன். பஸ் தூரத்தில் தெரிந்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. "சுகந்தி, அந்தக் கடிதம் நான்தான் எழுதின."

"தெரியும் ராத்தா."

"எப்பிடி?"

"வாசிச்சுக் காட்டினாங்கதானே. 'சகோதர இனத்தைச் சேர்ந்த' எண்டு இரிந்திச்சி. தமிழச்சி எண்டு எழுதியிருந்தா நான் ஆரையோ நினைச்சிரிப்பன்."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அவள் பைக்குள் சில்லறை தேடிக்கொண்டே சொன்னாள். "இல்ல ராத்தா. எனக்குச் சரியான கோபம். நான் புள்ளையளுக்காகத்தான் வந்தனான்." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். என் வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் அவ்வளவு நேராகப் பேசியது அதுதான் முதல் தரம். கோபப்படுவதிலும் அவள் என்னைவிட நேர்த்தியானவள் என்று, வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

தாய்மாரே எழுதிய பெயர் என்பதால் அலுவலகத்தில் சுகந்தியை மறுக்கவில்லை, நிலையம் திறந்தது. பட்டியல் மறு கிழமையே சுவருக்குப் போய்விட்டது. நான்தான் மாட்டினேன். தேத்தண்ணித் தட்டின் வட்டம் ஓரத்தில் தெரியும், பாருங்கள். அதைக் கிழித்துப் போடுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. நியாயமும் இல்லை. அன்று பஸ்ஸில் அந்தச் சொல்லைச் சொன்னவரின் வாயை நான் மறக்கவில்லை. ஆனால் அவரைப் போன்றவர்கள் எந்தப் பட்டியலும் வாசிப்பதில்லை. இப்போது அவர்கள் முகநூலில் இருக்கிறார்கள். கேட்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாய் மூடியவர்கள் ஜெஸீமாவும் பரமேசு அக்காவும்தான். பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு சண்டை பிடிக்கக்கூடியவர்கள், சண்டை பிடித்துவிட்டு ஒருவர் வீட்டில் ஒருவர் தேத்தண்ணி குடிக்கக்கூடியவர்கள். அவர்கள் மௌனமான இடத்தில் அந்தப் பஸ் மனிதரைப் போன்றவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நாம் பெருநாள்களுக்குச் சகோதர இன நண்பர்களுக்கு வாழ்த்து என்று படம் போடுகிறோம். அந்த நண்பர் வீட்டில் எதைத் தின்பார், எதைத் தின்னமாட்டார் என்று நமக்குத் தெரியாது. கேட்கவும் பயம். ஒருவர் பிழையாகப் பேசிவிட்டால் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. கடிதம் எழுதுகிறோம்.

ஆகவே ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒரு சொல்லுக்காக ஒருவர்மேல் முறையிடப் பேனா எடுத்தால், முதலில் அந்தச் சொல் யாரைத் தைத்ததோ அவரிடம் போய்க் கேளுங்கள். பிறகு உங்களை நீங்களே கேளுங்கள், அந்த ஆளிடம் உங்களுக்கு இல்லாத எது இருக்கிறது என்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் வந்தால் பேனாவை வைத்துவிடுங்கள்.

மின்ஹாவுக்கு இப்போது நாலரை வயது. போன கிழமை நிலையத்திலிருந்து அவளைக் கூட்டி வரப் போனபோது, வாசலுக்கு வெளியே பரமேசு அக்காவின் பேரன் பெட்டியைத் திறந்து மோதகத்தை நீட்டினான். இவள் எந்தக் கூச்சமும் இல்லாமல், "படைச்சதா?" என்று கேட்டாள். "உனக்கு இந்தப் பக்கம் இரிக்கி" என்றான் அவன். எட்டு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் கேட்கத் தெரியாமல் இருந்த கேள்வி. என் மகள்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

காலை எட்டு மணிக்கு மின்ஹாவை அங்கே விடுகிறேன். வாசலில் சுகந்தி நிற்பாள். என் இடுப்பில் கைக்குழந்தையோடு, ஒவ்வொரு நாளும் நான் அவளிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறேன்.

"கோபம் போயிட்டா?"

"இன்னும் இல்ல ராத்தா" என்று அவள் மின்ஹாவின் பக்கம் கையை நீட்டுவாள். "புள்ளையத் தாங்க."